ஆற்றின் எந்தக் கரை?

1852 டிசம்பரில் லண்டன் விலங்கியல் கழகக் கூட்டத்தில் 29 வயது இளைஞர் ஒருவர் அமேசான் குரங்குகளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். அதில் ஒரு குறை சொல்லியிருந்தார். அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்திருக்கும் குரங்குகளின் சீட்டில் ‘பிரேசில்’ என்றோ ‘அமேசான்’ என்றோ மட்டும் எழுதியிருக்கிறது. ஆற்றின் எந்தக் கரையில் பிடித்தது என்று எழுதவில்லை. ஆறு அகன்று ஓடும் இடங்களில் இக்கரையில் இருக்கிற சில குரங்கினங்கள் அக்கரையில் கிடையவே கிடையாது. உள்ளூர் வேட்டைக்காரர்களுக்கு இது பழகிய சங்கதி. இன்ன குரங்குதான் வேண்டும் என்றால் படகெடுத்து எதிர்க்கரைக்குப் போய்விடுவார்கள்.

அந்த இளைஞர் ஆல்பிரட் ரஸல் வாலஸ். உயிரினங்கள் இயற்கைத் தேர்வால் மாறிவருகின்றன என்பதை டார்வினைச் சாராமல் தானே கண்டறிந்தவர். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் நெடுங்காலம் உயிரியல் கற்பித்தவள் நான். டார்வினுக்கு ஓர் அத்தியாயம், வாலஸுக்கு ஒரு வரி என்று பாடம் போகும். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, “ஐயோ பாவம், பேர் கிடைக்காமல் போய்விட்டதே” என்று மாணவர்கள் இரக்கப்படுவார்கள். எனக்கு அந்த இரக்கம் வேண்டாம். அவர் எப்படி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்று கேட்கும் மாணவர்தான் எனக்கு வேண்டும். ஏனென்றால் வாலஸ் பூச்சி பிடித்து விற்று வயிறு வளர்த்தவர். அந்தப் பிழைப்புதான் அவருக்குக் கண்ணைத் திறந்தது.

வேல்ஸில் அஸ்க் என்ற ஊருக்கு அருகே 1823 ஜனவரி 8-ஆம் தேதி பிறந்தார். தகப்பனார் கையிருப்பை இழந்ததால் 14 வயதில் படிப்பு நின்றது. அண்ணன் வில்லியமோடு சேர்ந்து நிலம் அளக்கப் போனார். எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்ப்பது அந்த வயதிலேயே கைவந்துவிட்டது. பிறகு லெஸ்டர் நகரில் கொஞ்சகாலம் ஆசிரியர் வேலை. மக்கள்தொகை பற்றி மால்தஸ் எழுதிய நூலைப் படித்தது அங்கேதான். வண்டு சேகரிப்பில் பித்துக் கொண்டிருந்த ஹென்றி பேட்ஸ் நண்பரானதும் அங்கேதான். 1848-இல் இருவரும் அமேசானுக்குக் கப்பலேறினார்கள். பூச்சி, பறவைகளைப் பிடித்து அனுப்பினால் லண்டனில் சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற முகவர் விற்றுக் கொடுப்பார். அதுதான் வருமானம்.

நான்கு ஆண்டு அங்கே அலைந்தார். துணைக்கு வந்த தம்பி ஹெர்பர்ட் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். ஊர் திரும்புகையில் 1852 ஆகஸ்ட் 6-ஆம் தேதி நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. சேகரித்துக் கூட எடுத்துவந்தது அத்தனையும் எரிந்தது. மீன்களும் பனைகளும் வரைந்த தாள்கள் சிலவற்றோடு படகில் இறங்கி, பத்து நாள் கடலில் கிடந்து, வேறொரு கப்பல் கண்ணில் பட்டதால் பிழைத்தார். ஸ்டீவன்ஸ் 200 பவுனுக்குக் காப்பீடு செய்து வைத்திருந்ததால் பட்டினி கிடக்கவில்லை. கரையேறி மூன்று மாதம்கூட ஆகவில்லை, ‘எந்தக் கரை?’ என்று கேட்டுக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நின்றார்.

1854 ஏப்ரலில் சிங்கப்பூர் வந்தார். புக்கிட் தீமாவில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவருடைய வீட்டில் தங்கல். தன் அன்றாட வேலையைத் தாய்க்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். காலை ஐந்தரைக்கு எழுந்து குளியல், காப்பி. முந்தின நாள் பிடித்த பூச்சிகளை அடுக்கிக் காயவைப்பது. எட்டு மணிக்குச் சாப்பாடு, ஒன்பதுக்குக் காடு. மேடேறிப் போய்ச் சேர்வதற்குள் உடம்பெல்லாம் வேர்வை ஊற்றும். இரண்டு மூன்று மணிக்கு ஐம்பது அறுபது வண்டுகளோடு திரும்பி, ஊசி குத்தி வைக்கும் வேலை இரவு வரை. உதவிக்கு வந்த சார்லஸ் என்ற பையனிடம் ஈயும் குளவியும் மட்டும் கொடுப்பார். வண்டைத் தொட விடமாட்டார். காட்டில் புலிக்கு வெட்டிய குழிகள் இலை மூடிக் கிடந்தன. பலமுறை அவரே விழத் தெரிந்தார். சீனத் தொழிலாளர்கள் மரம் வெட்டிச் சாய்த்த இடங்களில் மட்கும் பட்டையிலும் இலையிலும் வண்டுகள் மொய்த்தன. இரண்டு மாதத்தில், ஒரு சதுர மைலுக்குள், சுமார் 700 வகை வண்டுகள்!

விற்பனைக்கு என்பதால் ஒவ்வொரு வகையிலும் ஒன்றிரண்டு போதாது; பத்து, இருபது என்று வேண்டும். பணக்காரச் சேகரிப்பாளர் வகைக்கு ஒன்றைப் பெட்டியில் குத்திவிட்டு அடுத்ததைத் தேடுவார். வாலஸ் ஒரே வகையின் பல உடம்புகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டியவர். அப்படிப் பார்த்தால் ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதில்லை. ஒன்றின் சிறகு சற்று நீளம், இன்னொன்றின் புள்ளி சற்று மங்கல். இந்த வேறுபாடுகளை அசலின் பிழைகளாக ஒதுக்கிவிடுவது அன்றைய பழக்கம். தினமும் கையாளுகிறவருக்கு அப்படி ஒதுக்க முடியாது. போதாததற்கு, அமேசானில் பட்ட பாடத்தால் எந்தத் தீவில் பிடித்தது என்று ஊசியிலேயே சிறு வட்டச் சீட்டுக் குத்தினார்.

1855-இல் சரவாக்கில் மழைக்காலம். வெளியே போக வழியில்லாமல் உட்கார்ந்திருந்தபோது ஒரு கட்டுரை எழுதினார். ஓர் இனம் புதிதாகத் தோன்றுகிறது என்றால், அதற்கு நெருங்கிய இனம் ஒன்று அதே வட்டாரத்தில் அதற்கு முன்பே இருந்திருக்கும் என்பது அதன் சாரம். அதாவது உயிரினங்களுக்குள் ரத்த உறவு இருக்கிறது. எப்படி மாறின என்பதுதான் பாக்கி.

1856-இல் மக்காசர் துறைமுகத்துக்கு நேராகக் கப்பல் கிடைக்காததால் பாலி வழியாகச் சுற்றிப் போனார். இரண்டு நாள் பாலியில் இறங்கிப் பறவை பார்த்தார். செம்மார்புக் குக்குறுவான் அங்கே இருந்தது. தமிழ்நாட்டில் ஆலமரத்தில் உட்கார்ந்து ‘டொக் டொக்’ என்று ஓயாமல் தட்டுமே, அதே இனம்தான். இங்கே எங்கள் அடுக்குமாடிகளுக்கு நடுவிலும் கேட்கும். அடுத்து லொம்பொக் தீவு. இடையில் இருப்பது அக்கரை எரிமலை கண்ணுக்குத் தெரிகிற அளவு குறுகிய நீரிணை. அக்கரையில் குக்குறுவான் இல்லை. பதிலுக்கு ஆஸ்திரேலியாவுக்கு உரிய வெள்ளைக் காக்கட்டூக்கள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தன.

காரணம் கடலின் அடியில் இருந்தது. ஜாவாக் கடலின் சராசரி ஆழம் 50 மீட்டர்கூட இல்லை. பனியுகத்தில் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கியபோது சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பாலி எல்லாம் ஆசியாவோடு ஒட்டிய ஒரே நிலம். யானையும் புலியும் நடந்தே போயின. லொம்பொக் நீரிணை அப்போதும் வற்றவில்லை. ஆழமான கடலே உயிரினங்களைப் பிரித்து வைத்திருக்கிறது என்று வாலஸ் சொன்னார். அந்த எல்லைக்கு ‘வாலஸ் கோடு’ என்று பெயரிட்டவர் விலங்கியலாளர் ஹக்ஸ்லி.

1858 பிப்ரவரி. மசாலாத் தீவான டெர்னாட்டேயில் வாடகை வீடு. குளிர்காய்ச்சல் வந்து, அந்த வெயிலிலும் கம்பளி போர்த்திப் படுத்துக் கிடந்தார். பசியும் நோயும் மக்கள் பெருக்கத்தைத் தடுக்கின்றன என்று மால்தஸ் எழுதியது நினைவுக்கு வந்தது. விலங்குகள் மனிதரைவிட வேகமாகப் பெருகுகின்றன. ஒரு ஜோடிப் பறவையின் சந்ததி தடையின்றிப் பெருகினால் சில ஆண்டுகளில் கோடிக்கணக்கில் இருக்க வேண்டும். இல்லையே! அப்படியென்றால் ஆண்டுதோறும் பிறப்பதில் பெரும்பகுதி செத்துக்கொண்டிருக்கிறது. எது சாகிறது, எது தப்புகிறது? தன் பெட்டியில் வரிசையாகக் கிடந்த வண்டுகள் பதில் சொல்லின. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. சூழலுக்குச் சற்றே கூடுதலாகப் பொருந்தியது தப்பி இனம் பெருக்குகிறது, அந்தச் சாதகம் சந்ததிக்குப் போகிறது. சூழல் மாறினால் தப்புவதும் மாறும். தலைமுறை தலைமுறையாக இது நடந்தால் ஓர் இனம் வேறாகிவிடும். காய்ச்சல் விட்டதும் எழுதி முடித்து டார்வினுக்கு அனுப்பினார்.

ஜூனில் அதைப் படித்த டார்வின் ஆடிப்போனார். இருபது ஆண்டாகத் தான் அடைகாத்த கருத்து! நண்பர்கள் லயலும் ஹூக்கரும் 1844-இல் அவர் எழுதிய வரைவு, 1857-இல் எழுதிய கடிதம் இவற்றின் பகுதிகளோடு வாலஸின் கட்டுரையையும் சேர்த்து 1858 ஜூலை 1-ஆம் தேதி லின்னியன் கழகத்தில் வாசிக்க ஏற்பாடு செய்தார்கள். அப்போது வாலஸ் நியூகினியாவின் டோரேயில் இருந்தார். டார்வின் திருடிவிட்டார் என்று சிலர் எழுதுகிறார்கள். பழைய கையெழுத்துப் படிகள் இருக்கையில் அது அபாண்டம். அதே சமயம், வாலஸிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாசித்தது முறையல்ல என்பதும் என் எண்ணம். அவருக்கோ மனத்தாங்கலே இல்லை. 1889-இல் எழுதிய தன் நூலுக்கு ‘டார்வினிசம்’ என்றே பெயர் வைத்தார்.

எனக்கு மனத்தாங்கல் உண்டு என்றால் அது அலி விஷயத்தில்தான். சரவாக்கில் சமையலுக்கு வந்த மலாய் இளைஞர். துப்பாக்கி சுடவும் பறவைத் தோலுரித்துப் பாடம் செய்யவும் கற்று வாலஸின் வலக்கை ஆனார். 1858-இல் பச்சான் தீவில், தோளிலிருந்து நீண்ட வெள்ளைச் சிறகுகள் நீட்டிக்கொண்டிருக்கும் சொர்க்கப் பறவை ஒன்றைச் சுட்டு வந்தவர் அவர்தான். அறிவியல் உலகுக்கு அது புதிது. பெயர் வைத்தபோது வாலஸின் பெயரை வைத்தார்கள். கொண்டுவந்தது அலி என்பதை வாலஸ் தன் நூலில் மறைக்காமல் எழுதினார். 1862-இல் பிரியும்போது துப்பாக்கிகளும் பணமும் கொடுத்து, சிங்கப்பூரில் அவரைப் புகைப்படமும் எடுக்க வைத்தார். எட்டு ஆண்டில் சேர்ந்த 1,25,660 உடம்புகளில் அலியின் உழைப்பு கொஞ்சமல்ல. 1907-இல் டெர்னாட்டே போன அமெரிக்க விலங்கியலாளர் தாமஸ் பார்பரிடம் ஒரு முதியவர் வந்து, தான்தான் அலி வாலஸ் என்று அறிமுகம் செய்துகொண்டார்.

பிற்காலத்தில் வாலஸ் ஆவியுலக ஆராய்ச்சியில் இறங்கினார். மனித மூளையை இயற்கைத் தேர்வால் மட்டும் விளக்க முடியாது என்றார், டார்வின் வருந்தினார். அம்மைத் தடுப்பூசியை எதிர்த்தார். இவை தவறு என்று மாணவர்களிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்வேன். ஆனால் பளபளக்கும் நிறமுள்ள கம்பளிப்பூச்சிகளைப் பற்றி டார்வின் கேட்டபோது, “அது பறவைக்கு எச்சரிக்கை, தின்றால் கசக்கும்” என்ற பொருளில் பதில் எழுதியவரும் அவரே. பறவைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள், சரியாகவே இருந்தது. பணமில்லாமல் தவித்தவருக்கு 1881-இல் ஆண்டுக்கு 200 பவுன் அரசு ஓய்வூதியம் கிடைக்க டார்வின்தான் பாடுபட்டார். 90 வயதில், 1913-இல் வாலஸ் காலமானார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1863-இல் அவர் எழுதிய வேண்டுகோள். ஒவ்வோர் உயிரினமும் பூமியின் வரலாற்றை எழுதிய ஓர் எழுத்து. எழுத்துகள் அழிந்தால் வாசிக்க முடியாது. அழிவதற்குள் அரசுகள் சேகரித்துக் காக்க வேண்டும் என்றார். புக்கிட் தீமா இயற்கைக் காப்பகம் இன்று 163 ஹெக்டேர். ஒரு சதுர மைலில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. 1986-இல் முடிந்த விரைவுச்சாலை அதை நடுவண் நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து துண்டித்தது. தாண்டப் பார்த்த எறும்புத்தின்னிகள் வண்டியில் அடிபட்டுச் செத்தன. அகன்ற தார்ச்சாலை எங்கள் காட்டுக்கு லொம்பொக் நீரிணை ஆகிவிட்டது. 2013-இல் அதன்மேல் மண் நிரப்பி மரம் நட்டு 62 மீட்டர் நீளத்தில் விலங்குகளுக்கென்று பாலம் கட்டினார்கள். பொதுமக்கள் அதில் நடக்கக் கூடாது. எறும்புத்தின்னி இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போவதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன.