நோயாளியின் தகவலுக்கு யார் பொறுப்பு?

பெரிய மருத்துவமனை ஒன்றில் ஒரு நோயாளியைப் பற்றிய தகவல் எங்கெல்லாம் பதிவாகிறது என்று பார்த்தால் மலைப்பு வரும். புறநோயாளிச் சீட்டு போடும் கவுன்டர், ரத்தப் பரிசோதனைக் கூடம், ஸ்கேன் அறை, மருந்தகம், வார்டில் செவிலியர் எழுதும் குறிப்பேடு, பில் போடும் இடம், காப்பீட்டுப் பிரிவு, பழைய கோப்புகளை வைத்திருக்கும் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறை என்று பட்டியல் நீள்கிறது. இந்தத் தகவலை யார் பார்க்கலாம், யாருக்கு அனுப்பலாம், எத்தனை காலம் வைத்திருக்கலாம், பிழை இருந்தால் யார் திருத்துவது என்பதையெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்து நடைமுறைப்படுத்துவதற்குத் தரவு ஆளுகை என்று பெயர். இதைக் கணினிப் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று பல நிர்வாகங்கள் நினைக்கின்றன. அந்த நினைப்பு ஆபத்தானது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கக்கூடிய ஒருவர் பொறுப்பேற்காதவரை, எவ்வளவு நல்ல மென்பொருளும் எவ்வளவு கடுமையான சட்டமும் நோயாளிக்குப் பாதுகாப்பு தராது.

நம் ஊர்ப் பதிவுக் கவுன்டரிலிருந்தே தொடங்கலாம். ‘எஸ். முருகன்’ என்று ஒரு முறையும் ‘முருகன் எஸ்’ என்று இன்னொரு முறையும் ஒரே ஆளுக்கு இரண்டு கோப்புகள் திறக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். பிறந்த தேதி தெரியாததால் வயதை உத்தேசமாகப் போடுகிறார்கள். கைப்பேசி எண் முதல் முறை மகனுடையது, அடுத்த முறை மருமகனுடையது. பெனிசிலின் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு முதல் கோப்பில் இருக்கிறது. அவசரப் பிரிவு மருத்துவர் திறப்பதோ இரண்டாவது கோப்பை. இங்கே யாரும் திருடவில்லை, கணினியும் பழுதாகவில்லை. பெயரையும் தலைப்பெழுத்தையும் எந்த வரிசையில் பதிய வேண்டும், இரட்டைக் கோப்புகளை யார் தேடிப் பிடித்து ஒன்றாக்க வேண்டும் என்று எவரும் முடிவு செய்யவில்லை, அவ்வளவுதான். அந்த விடுபடல் ஓர் உயிரைப் பறிக்கலாம்.

பொறுப்பை ஒரு மனிதரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை முதலில் தெளிவாக உணர்ந்த நாடுகளில் ஒன்று இங்கிலாந்து. அந்நாட்டின் தேசிய சுகாதாரச் சேவையில் கணினிகள் பெருகியபோது, நோயாளிகளின் அந்தரங்கம் என்னவாகும் என்ற கவலை எழுந்தது. மனநல மருத்துவர் ஃபியோனா கால்டிகாட் தலைமையில் அமைந்த குழு 1997-இல் அறிக்கை அளித்தது. நெறிகளை வகுப்பதற்கு முன் அந்தக் குழு தகவல் ஓடும் வழிகளை வரைந்து பார்த்தது. நேரடிச் சிகிச்சைக்கு அல்லாமல் பிற நோக்கங்களுக்காக, நோயாளி யார் என்று தெரியும்படி தகவல் பயணிக்கும் 86 பாதைகள் கிடைத்தன. நோக்கங்கள் நியாயமானவையே. ஆனால் பல இடங்களில் தேவைக்கு அதிகமான விவரங்கள் போய்க்கொண்டிருந்தன. நோக்கத்தை நியாயப்படுத்து, அவசியம் இருந்தால் மட்டும் அடையாளத்தைப் பயன்படுத்து, தேவையான அளவுக்கு மேல் அனுப்பாதே, வேலைக்குத் தேவைப்படுபவருக்கு மட்டும் காட்டு என்பன போன்ற ஆறு நெறிகளைக் குழு வகுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு சுகாதார அமைப்பிலும் இந்த நெறிகளைக் காக்கும் ஒரு மூத்த பொறுப்பாளரை நியமிக்கச் சொன்னது. ‘கால்டிகாட் கார்டியன்’ என்ற அந்தப் பதவி இன்றும் தொடர்கிறது.

நோக்கம் நல்லதாக இருந்தால் இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை அறக்கட்டளையின் அனுபவம் விடை சொல்கிறது. சிறுநீரகம் திடீரென்று செயலிழப்பதை மருத்துவர்களுக்கு உடனே தெரிவிக்கும் ‘ஸ்ட்ரீம்ஸ்’ செயலிக்காக, 2015-இல் அது கூகுளின் டீப்மைண்ட் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. உயிர் காக்கும் திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் சோதனைக்காகச் சுமார் 16 லட்சம் நோயாளிகளின் பதிவுகள் கொடுக்கப்பட்டன. தங்கள் தகவல் இப்படிப் பயன்படும் என்று அவர்களுக்குப் போதிய அளவு தெரிவிக்கவில்லை. 2017 ஜூலையில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம், மருத்துவமனை தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு இணங்க நடக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. நோக்கம் எவ்வளவு உயர்ந்ததானாலும், ‘இத்தனை பேரின் விவரம் இந்தச் சோதனைக்குத் தேவையா, அவர்களிடம் சொன்னோமா’ என்ற இரண்டு கேள்விகளைத் தவறவிட்டால் நம்பிக்கை உடைகிறது. நம்பிக்கை போன பிறகு நோயாளிகள் மருத்துவரிடமே விஷயத்தை மறைக்கத் தொடங்குவார்கள். அதன்பின் எந்தச் செயலி வந்தும் பயனில்லை.

இன்னொரு ஆட்சேபம் மருத்துவர்களிடமிருந்து வருகிறது. நெறிமுறை என்று கிளம்பினால் ஒவ்வொரு தகவலுக்கும் அனுமதி கேட்டு அலைய வேண்டும், சிகிச்சை தாமதமாகும் என்கிறார்கள். இந்தப் பயம் நியாயமானது. தகவலைப் பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்று ஊழியர்கள் புரிந்துகொண்டதால் நோயாளிகள் பாதிக்கப்படுவதைக் கால்டிகாட்டே பின்னர் கவனத்தில் எடுத்துக்கொண்டார். 2013-இல் அவர் தலைமையிலான இரண்டாவது ஆய்வு ஏழாவது நெறி ஒன்றைச் சேர்த்தது: அந்தரங்கத்தைக் காக்கும் கடமை எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியமாகலாம் தகவலைப் பகிரும் கடமை. அதாவது, சிகிச்சை தரும் மருத்துவருக்குத் தர வேண்டியதைத் தராமல் இருப்பதும் தவறுதான். பொறுப்பாளர் யார் என்று தெரிந்தால் சந்தேகமான நேரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிவு கிடைக்கும். யாரைக் கேட்பது என்று தெரியாத இடத்தில்தான் கோப்பு மேசைக்கு மேசை அலைகிறது.

தரவின் தரத்தைத் தொழில்நுட்பமே பார்த்துக்கொள்ளும் என்ற வாதத்துக்கும் இங்கிலாந்திலேயே பதில் இருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 தொற்றாளர்கள் தினசரிக் கணக்கில் விடுபட்டார்கள். ஆய்வகங்கள் அனுப்பிய முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்புக்குள் ஏற்றியதே காரணம். அந்தக் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டன. பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலைதான் தாமதமானது. அனுப்பிய எண்ணிக்கையும் சேர்ந்த எண்ணிக்கையும் ஒன்றா என்று அன்றாடம் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் முதல் நாளிலேயே பிடிபட்டிருக்கும். அப்படிப் பார்ப்பது இன்னாரின் வேலை என்று எழுதி வைப்பதுதான் ஆளுகை.

இதெல்லாம் பணக்கார நாடுகளுக்குச் சரி, நமக்குக் கட்டுப்படியாகுமா என்பது கடைசிக் கேள்வி. அலட்சியம்தான் கட்டுப்படியாகாது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கின. சுமார் 1.3 டெராபைட் தரவு திறக்க முடியாதபடி பூட்டப்பட்டது. சீட்டு போடுவது, பரிசோதனை முடிவு தருவது எல்லாம் நாள்கணக்கில் கையால் எழுதும் முறைக்குத் திரும்பின. வலையமைப்பை முறையாகப் பகுதி பிரித்து வைக்காதது காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. எதை எதிலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்று முடிவெடுக்க, எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் முதலில் வேண்டும். அந்தப் பட்டியலுக்குப் பெரிய செலவில்லை. ஐம்பது படுக்கை கொண்ட மருத்துவமனைகூட ஒரு நோட்டில் தொடங்கிவிடலாம். ஒவ்வொரு பதிவேட்டுக்கும் எதிரே அதற்குப் பொறுப்பானவர், பார்க்க அனுமதி உள்ளவர்கள், வெளியே போகும் வழிகள் என்று மூன்று கட்டங்களை நிரப்பினாலே, பதில் இல்லாத இடங்கள் கண்ணில் படும்.

2023-இல் இயற்றப்பட்ட இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம்மைப் பற்றிய தவறான தகவலைத் திருத்தக் கோரும் உரிமையை நமக்குத் தருகிறது. தரவு குறித்த கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடியவரின் தொடர்பு விவரத்தை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. ஆனால் அபராதம், தவறு நடந்த பிறகு வருவது. தவறு நடக்காமல் தடுக்க, மருத்துவம் தெரிந்த, நிர்வாகத்தின் முடிவை மறுக்கும் அதிகாரம் உள்ள, நோயாளி நேரில் அணுகக்கூடிய ஒருவர் ஒவ்வொரு மருத்துவமனையிலும் வேண்டும். புதிய மென்பொருளுக்கு டெண்டர் விடுவதற்கு முன் அவரை நியமியுங்கள் என்று கேட்கும் உரிமை, அங்கே சிகிச்சைக்கு வரும் எல்லோருக்கும் உண்டு.