சித்தர், நோபல், ஒரு டப்பா கேப்சூல்

சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் பக்கத்து அடுக்ககங்களுக்கு மூலிகை கேப்சூல் பெரும்பாலும் தெரிந்தவர் கையாலேயே வந்து சேர்கிறது. "செல்லுக்குள்ளயே வயசைத் திருப்பிடும் சார். நம்ம சித்தர்கள் சொன்ன காயகல்பம்தான், நோபல் பரிசு வாங்கின ஆராய்ச்சி" என்று சித்தரையும் நோபலையும் ஒரே மூச்சில் இழுத்துவிடுவார் அவர்.

நோபல் உண்மைதான். குரோமோசோம் முனைகளை டெலோமியரும் டெலோமரேஸ் என்ற நொதியும் எப்படிக் காக்கின்றன என்று கண்டறிந்ததற்காக எலிசபெத் பிளாக்பர்ன் உள்ளிட்ட மூவருக்கு 2009இல் கொடுத்தார்கள். எந்த மாத்திரைக்கும் கொடுக்கவில்லை. பெரும்பாலான புற்றுநோய்ச் செல்கள் சாகாமல் பெருகுவதும் இதே நொதியைத் தூண்டிவிட்டுத்தான். விற்பவர் இதைச் சொல்லமாட்டார். ஒரு மூலிகைச் சாற்றை 'டிஏ-65' என்று விற்ற அமெரிக்க நிறுவனம், முதுமையைத் திருப்பும் என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2018இல் நடவடிக்கை எடுத்தது.

காயகல்பமும் உண்மைதான். ஆனால் சித்த மருத்துவர் ஆளைப் பார்த்து, நாடி பார்த்து, பத்தியத்தோடு கொடுப்பது அது. ஊருக்கெல்லாம் ஒரே கேப்சூலைக் கொடுத்துவிட்டுச் சித்தர் பெயரைச் சொல்வது எனக்குச் சித்தரை அவமதிப்பதாகவே படுகிறது.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருந்தால், சட்டத்தின் கண்ணில் அது உணவு. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகமும் அதில் இருந்தாக வேண்டும். விற்பவர் வாய் மருந்து என்கிறது, டப்பா உணவு என்கிறது. உணவு உரிமத்தில் வரும் பொருள், சர்க்கரையைக் குணப்படுத்தும் என்றோ மூட்டுவாதத்தைப் போக்கும் என்றோ சொல்லக்கூடாது. சித்த மருந்தாக இருந்தால் மருந்துத் தயாரிப்பு உரிம எண், சேர்மானப் பட்டியல், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். இந்த இரண்டு உரிமத்தில் எதுவும் இல்லாமல் வெறும் ஸ்டிக்கர் ஒட்டிய டப்பா என்றால் வாசலோடு அனுப்பிவிடலாம். ஆங்கில மருந்துக்கே, இளமையைத் திருப்பும், முன்கூட்டி வரும் முதுமையைத் தடுக்கும் என்று சொல்லிக்கொள்ள மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை அனுமதிப்பதில்லை.

மூலிகைதானே, என்ன செய்துவிடும்? சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு என்று மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, மூலிகையைச் சரியாக அடையாளம் காணவில்லை என்றது. அடுத்து நாட்டின் 13 மருத்துவ மையங்களிலிருந்து இப்படி 43 பேரைப் பற்றிய ஆய்வு வந்தது. அஸ்வகந்தாவாலும் கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும், ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். கண் மஞ்சளித்தால், சிறுநீர் அடர்நிறமானால், காரணமில்லாமல் உடம்பெல்லாம் அரித்தால் கேப்சூலை அன்றே நிறுத்திவிட்டு, டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். மறைத்தால் அவர் வேறெங்கோ காரணம் தேடிக்கொண்டிருப்பார்.

நேரடி விற்பனைக்கு 2021 முதல் தனி விதிகள் இருக்கின்றன. அடையாள அட்டையும் உங்கள் முன்அனுமதியும் இல்லாமல் விற்பனையாளர் வீட்டுக்கு வரக்கூடாது. 'நாலு பேரைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கும் வருமானம்' என்று ஆள் சேர்ப்பதற்கே காசு தரும் பிரமிட் திட்டத்துக்குத் தடை உண்டு. பில் கேளுங்கள், "ஜிபே பண்ணிடுங்க, பில்லெல்லாம் எதுக்கு" என்ற பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏமாந்துவிட்டீர்களா? முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் வழக்கு நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். தாம்பரம், பல்லாவரம், வண்டலூர்க்காரர்களுக்கு அது செங்கல்பட்டு. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவை 10 லட்சம் வரை அபராதம் போடலாம். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரப் படத்தை அழித்துவிடாதீர்கள்.

சித்த மருந்தால்தான் பக்கவிளைவு என்று சந்தேகமா? தூரம் போகவேண்டாம். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அப்படிப்பட்ட புகார்களைப் பதிவு செய்துகொள்கிறது. மீந்த மாத்திரை, டப்பா, ரத்தப் பரிசோதனைச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.