சூடானால் மட்டும் நிற்கும் கார்

பழைய அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோ வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன நோய் இது. காலையில் ஒரே செல்ஃபில் வண்டி பிடித்துக்கொள்ளும். ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் சொல்ல முடியாது. வெயில் ஏறி, ஒரு மணி நேரம் விடாமல் ஓடி, கூடவே கொஞ்சம் மேடும் வந்துவிட்டால் நடுவழியில் அணைந்துவிடும். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காது. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் மர நிழலில் உட்கார்ந்து வந்தால், எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும்.

பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே சமர்த்தாக ஓடிக் காட்டும். மெக்கானிக் பிளக்கைத் துடைப்பார், கார்புரேட்டரைக் கழுவுவார், பாயின்ட்டைத் தேய்ப்பார், பில்லும் கொடுப்பார். அடுத்த முறை மலை ஏறும்போது வண்டி அதே வளைவில் நிற்கும். மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை. கோளாறு சூட்டில்தான் உயிரோடு இருக்கிறது, பட்டறைக்கு வந்து சேரும்போது ஆறிப்போய்விடுகிறது. இந்த நோயை வண்டி நின்ற இடத்தில், நின்ற அந்த நிமிடத்தில்தான் பிடிக்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்குக் காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் கலந்து வர வேண்டும். அதைப் பிஸ்டன் அழுத்த வேண்டும். சரியான நேரத்தில் பொறி விழ வேண்டும். எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று. இதில் அழுத்தம் அரை மணி நேரத்தில் போய்த் திரும்பி வருவது அபூர்வம். ரிங் தேய்ந்திருந்தால் காலையிலேயே முனகும். ஆகவே சூட்டில் நின்று, ஆறினால் ஓடும் வண்டியில் சந்தேகம் இரண்டு பக்கம்தான் போகும். பட்டறை மொழியில் சொன்னால், ஒன்று பெட்ரோல் வரவில்லை, இல்லையென்றால் கரண்ட் வரவில்லை.

அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் டிரைவரைத்தான் கேட்பார். "எப்படிங்க நின்னுது? சுவிட்சை அணைச்ச மாதிரி பட்டுன்னு நின்னுதா, இல்ல இழுத்து இழுத்து நின்னுதா?" இந்த ஒரு கேள்விக்கு மதிப்பு அதிகம். பெட்ரோல் குறையும்போது கார்புரேட்டரின் ஃப்ளோட் அறையில் மிச்சமிருப்பது தீரும்வரை எஞ்சின் தடுமாறும், திக்கும், வெட்டி வெட்டி இழுக்கும். கரண்ட் போனால் அந்த நொடியே எல்லாச் சிலிண்டரும் ஊமையாகிவிடும். முழுச் சாட்சியாக இதை எடுத்துக்கொள்ள முடியாது; ஆனாலும் எந்தப் பக்கத்திலிருந்து தேடத் தொடங்குவது என்பது தெரிந்துவிடும். "என்னமோ நின்னு போச்சு" என்று சொல்லும் டிரைவரிடம் மெக்கானிக் படும் பாடு, "என்னமோ வலிக்குது" என்று சொல்லும் நோயாளியிடம் டாக்டர் படும் பாடுதான்.

முதலில் பெட்ரோலைப் பார்ப்போம். அது ஒரே பொருள் அல்ல, பல நூறு ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் இருக்கும் பென்டேன் 36 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். சென்னையில் மே மாத நிழலே அதைவிடச் சூடு. கனமான கூறுகளோ 200 டிகிரிவரை தாக்குப்பிடிக்கும். பழைய கார்களில், மெக்கானிக்குகள் ஏ.சி. பம்ப் என்று சொல்லும் டயாஃப்ரம் பம்ப், எஞ்சின் பிளாக்கிலேயே மாட்டப்பட்டிருக்கும். பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை அது உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். ஒரு துளி பென்டேன் ஆவியானால் ஏறத்தாழ 200 மடங்கு இடம் கேட்கும். திரவத்தைத் தள்ளுவதற்கென்று செய்த பம்ப், ஆவியைச் சுருக்குவதும் விரிப்பதுமாக வீணாக அடித்துக்கொண்டிருக்கும். கார்புரேட்டருக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஏர் லாக் என்று பொதுவாகச் சொல்கிறோம், உள்ளே அடைத்திருப்பது பெட்ரோல் ஆவிதான்.

மலைச்சாலை இதை மோசமாக்குவதற்குக் காரணம் சூடு மட்டும் இல்லை. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 சொச்சம் மீட்டர் உயரம். குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல். குன்னூரில் காற்றழுத்தம், கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும். இரண்டாவது கியரில் முக்கி முனகி ஏறுவதால் ரேடியேட்டருக்குக் கிடைக்கும் காற்றும் குறைவு. வழியில் பர்லியாற்றில் டீ குடிக்க நிறுத்தினால் இன்னொரு வம்பு சேர்ந்துகொள்ளும். எஞ்சினை அணைத்ததும் விசிறியும் நிற்கிறது, உள்ளே தண்ணீர் சுற்றுவதும் நிற்கிறது. இரும்புப் பிளாக்கில் இருக்கும் சூடு முழுவதும் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் ஏறும். ஓடிக்கொண்டிருந்தபோது இருந்ததைவிட, நிறுத்திச் சில நிமிடம் கழித்துத்தான் பானெட்டுக்குள் கொதிப்பு அதிகம்.

இதே சூடு இதற்கு நேர்மாறான கோளாறையும் உண்டாக்கும். ஃப்ளோட் அறையில் இருக்கும் பெட்ரோல் கொதித்து வழிந்து எஞ்சினுக்குள் இறங்கிவிட்டால் பெட்ரோல் பற்றாக்குறைக்குப் பதிலாக ஓவர் ஃப்ளோ ஆகிவிடும். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும், பிளக் நனைந்திருக்கும். அப்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து விட்டால் இன்னும் நனையும். முழுக்க அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் போட வேண்டும். நிறையக் காற்று உள்ளே போய்க் கலவை இளகும்.

அடுத்தது கரண்ட். பாயின்ட், கண்டென்சர், காயில் என்ற இந்த ஏற்பாட்டை அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் வடிவமைத்தார். அது முக்கால் நூற்றாண்டுக்கு மேல் உலகக் கார்களை ஓட்டியது. 12 வோல்ட் பேட்டரியால் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட முடியாது. அதனால் காயிலுக்குள் ஒரு தடித்த கம்பிச் சுற்றின் வழியாக 4 ஆம்பியர் அளவு மின்சாரத்தை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் அதைச் சட்டென்று துண்டிக்கிறது. காந்தப்புலம் சரிகிறது. அதே காயிலுக்குள் முடியைப் போன்ற மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் இருக்கின்றன. அவற்றில் 20,000 வோல்ட்டுக்குக் குறையாமல் கிளம்ப முடியும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், இது நொடிக்கு 100 முறை நடக்க வேண்டும். பாயின்ட் திறக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

சூட்டில் செம்பின் மின்தடை கூடும். 60 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடும், அதற்கேற்ப மின்சாரம் குறையும், பொறியும் சோர்ந்துபோகும். நல்ல காயில் இதைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. வயதான காயிலில் நடப்பது வேறு. மெல்லிய கம்பியில் எங்கோ விழுந்த விரிசல், சூட்டில் விரிந்து தொடர்பை விட்டுவிடும். அல்லது கம்பிமேல் பூசிய எனாமல் ஓரிடத்தில் பலவீனமாகி, பொறி வெளியே வருவதற்குப் பதிலாக உள்ளேயே தாவிவிடும். ஆறினால் கம்பி மறுபடி ஒட்டிக்கொள்ளும், எனாமலும் தாங்கும். அப்போது மல்டிமீட்டர் வைத்து அளந்தால் ஓம் கணக்கு அச்சுப் பிசகாமல் சரியாக இருக்கும். ஆறிய காயிலுக்கு மீட்டர் கொடுக்கும் நற்சான்றிதழை நான் நம்பமாட்டேன்.

இதில் கார்க்காரர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. பாட்டுக் கேட்பதற்காகவோ சும்மாவோ இக்னிஷனை ஆன் செய்துவிட்டு எஞ்சினை ஓட்டாமல் வைத்திருந்தால், பாயின்ட் மூடிய நிலையில் இருக்கும்போது அந்த 4 ஆம்பியரும் இடைவிடாமல் காயில் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். 50 வாட் அளவு வெப்பம் ஒரு சின்ன டப்பாவுக்குள் தேங்கும். காயில் அற்பாயுசில் போவதற்கு இது போதும்.

பெட்ரோல் ஆவி அடைப்பும் காயில் கோளாறும் வெளியே ஒரே முகத்தைத்தான் காட்டுகின்றன. சூட்டில் நிற்கும், ஆறினால் ஓடும். இங்கேதான் நம் டிரைவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் ஈரத்துணி வைத்தியத்தைக் கொஞ்சம் கேள்வி கேட்க வேண்டும். பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றினார்கள், 20 நிமிடத்தில் வண்டி ஓடியது, ஆகவே பம்புதான் காரணம் என்று முடிவுகட்டினார்கள். ஆனால் அந்த 20 நிமிடத்தில் காயிலும்தானே ஆறியது? துணி போடாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஓடியிருக்குமா என்பது யாருக்குத் தெரியும்? ஆய்வுக்கூடத்தில் இப்படி இரண்டு காரணங்களை ஒரே சமயத்தில் மாற்றி முடிவு சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். துணியைப் பம்பில் மட்டும் போட்டு, இரண்டே நிமிடத்தில், காயில் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். ஓடினால் பம்ப். ஓடாவிட்டால் துணியைக் காயிலுக்கு மாற்றிப் பார்க்கலாம். சொட்டும் தண்ணீர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிமேல் படக்கூடாது, பட்டால் மூன்றாவதாக ஒரு கோளாறை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

இதைவிட நேரான வழி, நின்ற நிமிடத்திலேயே பொறியைப் பார்த்துவிடுவது. ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்து அதன் உலோக உடல் எஞ்சினில் படும்படி, பிளக் துவாரத்திலிருந்து தள்ளி வைத்து (துவாரத்திலிருந்து பெட்ரோல் ஆவி வரும்), இன்னொருவரைச் செல்ஃப் போடச் சொல்ல வேண்டும். கையால் பிடிக்கக் கூடாது. நீலமாக 'சட் சட்' என்று தெறித்தால் கரண்ட் பக்கம் பழுதில்லை. மஞ்சளும் ஆரஞ்சுமாக இளைத்து விழுந்தாலோ, விழவே இல்லையென்றாலோ சந்தேகம் முழுவதும் கரண்ட்டின் மேல்தான். பெட்ரோல் பக்கத்துக்கு, சோலெக்ஸ் கார்புரேட்டர் உள்ள வண்டியானால் இக்னிஷனை அணைத்து, ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, உள்ளே பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் கம்பியைக் கையால் சட்டென்று இழுக்கலாம். நூல்போலப் பெட்ரோல் பீய்ச்சினால் ஃப்ளோட் அறையில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். பீய்ச்சவில்லையென்றால் பம்பைக் குற்றம் சொல்வதற்கு முன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால், காற்றோட்டத் துளை அடைத்துப்போய் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகியிருக்கிறது. பெட்ரோல் வருவதற்கு அது விடவில்லை. அந்தத் துளையைத் திறந்துவிட்டால் செலவே இல்லாமல் வேலை முடிந்தது.

பொறி இல்லையென்று தெரிந்த பிறகு ஒரு டெஸ்ட் லாம்ப் போதும். இரண்டு வயர் பொருத்திய 12 வோல்ட் பல்புதான் அது. ஒரு வயரைப் பாடியில் கவ்விவிட்டு, இக்னிஷனை ஆன் செய்து, இன்னொன்றைச் சாவியிலிருந்து வரும் காயில் முனையில் வைக்க வேண்டும். எரியாவிட்டால் சாவி, ஃபியூஸ், வயரிங். எரிந்தால் பேட்டரி முதல் காயில் வாசல்வரை எல்லாம் நலம். அடுத்து, டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்துக் காயில் முனையில் வைத்துச் செல்ஃப் போட்டால் பல்பு மினுக் மினுக்கென்று அடிக்க வேண்டும். பாயின்ட் திறந்தால் எரியும், மூடினால் அணையும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் மூடவில்லை, கருகியோ அழுக்கேறியோ இருக்கும். எரியவே இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் காயிலிலிருந்து கழற்றிப் பார்க்கலாம். இப்போது எரிந்தால் பாயின்ட் திறக்காமல் கிடக்கிறது, அல்லது கண்டென்சர் ஷார்ட். அப்போதும் எரியாவிட்டால் காயிலின் முதல் சுற்றே அறுந்துவிட்டது. பல்பு ஒழுங்காக மினுங்கியும் பொறி வரவில்லையென்றால் காயிலின் மெல்லிய சுற்று, கண்டென்சர், ரோட்டர், மூடி என்று பட்டியல் சுருங்கிவிடும். விளக்கை ஒரு இடம் மாற்றுவதில் பாதி வண்டி சந்தேகத்திலிருந்து விடுதலையாகிறது. ஒவ்வொரு பார்ட்டாக மாற்றிப் பார்ப்போம் என்பவர், வண்டிக்காரர் காசில் சூதாடுகிறார்.

சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை ஓடி, விட்டதும் அணைந்தால் இக்னிஷன் சுவிட்ச்; காயிலுக்குத் தனி ரெசிஸ்டர் வைத்த சில வண்டிகளில் அந்த ரெசிஸ்டர். பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பூவும், எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் தளர்ந்த எர்த் பட்டையும் எந்த நோயாகவும் வேடம் போடும்.

இப்போது புதுசாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டில் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025இல் 20 சதவீதத்தை எட்டியது. தனியாக எடுத்தால் எத்தனால் 78 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனால் பெட்ரோலோடு குறைந்த அளவில் கலந்தால் கலவையின் ஆவியாகும் வேகத்தைக் கூட்டுகிறது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் படியும், பம்ப் உறிஞ்சுவதும் அங்கேயிருந்துதான். எத்தனாலுக்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் டியூப்பும் டயாஃப்ரமும் ஊறி இளகும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு இது கூடுதல் தலைவலி. ரப்பர் சாமான்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதும், பெட்ரோல் டியூப்பைச் சைலன்சர் குழாயிலிருந்து விலக்கிக் கட்டுவதும், பம்புக்கும் பிளாக்குக்கும் இடையே வெப்பம் கடத்தாத தடித்த பேக்கிங் வைப்பதும் ஒருநாள் வேலை.

பாயின்ட்டும் கார்புரேட்டரும் இல்லாத, 20 வயதான இன்ஜெக்ஷன் கார்களுக்கும் இந்தக் கதை பொருந்தும். அங்கே கிராங்க் சென்சர்தான் பெரும்பாலும் குற்றவாளி. பல வண்டிகளில் அது ஒரு காந்தத்தின்மேல் சுற்றிய மெல்லிய கம்பி, எஞ்சினின் சூட்டுக்கு நடுவில் குடியிருப்பது. கம்ப்யூட்டரில் பிழைக் குறியீடு ஏதும் பதிவாகாமலேயே அது போகக்கூடும். செல்ஃப் போடும்போது ஆர்.பி.எம். முள் துளியும் அசையவில்லையென்றால் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

பழைய வண்டியோடு நெடுந்தூரம் போகிறவர் டிக்கியில் ஒரு டெஸ்ட் லாம்ப், ஒரு பாயின்ட் செட், ஒரு கண்டென்சர், ஒரு காயில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் கடையில் வாங்கிய டப்பாவைப் பிரிக்காமல் வைக்காதீர்கள். சந்தையில் இன்று கிடைக்கும் கண்டென்சர்களில் முதல் சூட்டையே தாங்காதவையும் உண்டு. புதுசை வண்டியில் மாட்டி, நல்ல வெயிலில் 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதைக் கழற்றி டிக்கியில் போட்டுக்கொண்டு பழையதைத் திரும்ப மாட்டுங்கள்.