வகுப்புக்குள் வந்த பிறகு

பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் உள்ள அரசுக் கல்லூரி, திருத்தணி அருள்மிகு ஸ்ரீ சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், தறிக் குடும்பத்துப் பிள்ளைகள், குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வருகிறவர்கள் எனப் பலரும் பஸ் பிடிக்கும் பகுதி இது. இப்படிப்பட்டவர்களைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவர அரசு வழி செய்திருக்கிறது: அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டம், மாணவருக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். வாசலைத் தாண்டிய பின் கல்லூரிகள் பெரிதும் நம்புவது 75 சதவீத வருகைப்பதிவைத்தான். அதற்குப் பயந்து வருகிறவர் கடைசி பெஞ்சில் செல்போனோடு நேரத்தைக் கழித்துவிட்டுப் போகலாம். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு அக்கறையே இல்லை" என்று ஆசிரியர் அறையில் அலுத்துக்கொள்வது எளிது. ஆனால், அந்த அக்கறையில் பெரும்பங்கு பாடம் நடத்தும் விதத்தில்தான் விளைகிறது.

அமெரிக்க உளவியலாளர்கள் ஹல்மேன், ஹராக்கீவிச் இருவரும் 2009-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஒரு சாரார் அறிவியல் பாடத்தின் சுருக்கத்தை எழுதினார்கள். மற்றவர்கள் அந்தப் பாடம் தங்கள் வாழ்க்கைக்கு எங்கே உதவும் என்று எழுதினார்கள். 'நமக்கெங்கே வரப்போகிறது' என்று நினைத்திருந்தவர்களுக்கு இரண்டாவது வேலை ஆர்வத்தையும் மதிப்பெண்ணையும் கூட்டியது. முன்பே நம்பிக்கையோடு இருந்தவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. தடுமாறுகிறவருக்குக் கைகொடுக்கும் முறை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பயனை மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியர் எடுத்துச் சொல்வது அதற்கு ஈடாகாது. பி.காம். வகுப்பில் அடக்கவிலைக் கணக்கு நடக்கிறது என்று வையுங்கள். பாடநூலில் வரும் ஏதோ ஒரு கம்பெனிக்குப் பதிலாக, வீட்டு விசைத்தறியில் ஒரு பாவு ஓடி முடிய நூலுக்கு, கூலிக்கு, கரண்டுக்கு, ரிப்பேருக்கு எவ்வளவு ஆகிறது என்று அரைத்தாளில் எழுதச் சொன்னால், மாறும் செலவு எது, மாறாச் செலவு எது என்ற கேள்வியை மாணவரே எழுப்புவார்.

அறுபது பேரின் தாளைத் திருத்த நேரமேது, பாடத்திட்டமோ பல்கலைக்கழகம் வகுத்தது, கற்பிப்பவரோ பல சமயம் வேலை நிரந்தரமில்லாத கௌரவ விரிவுரையாளர் என்பார்கள். மூன்றும் நியாயமே, கடைசிக் குறையை ஆசிரியர் தலையில் சுமத்துவது அநியாயமும்கூட. ஆனால் அரைத்தாளுக்கு மதிப்பெண் தேவையில்லை. ஐந்தாறை எடுத்து மறுநாள் வகுப்பில் வாசித்துப் பேசினால் போதும். பாடத்திட்டத்தில் ஒரு வரியும் மாறாது. இப்படி மாணவரை வேலை செய்யவைப்பதற்குப் பலனும் உண்டு: 2014-இல் அமெரிக்க ஆய்வாளர் ஃப்ரீமன் குழுவினர் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரை மட்டுமே நடந்த அறிவியல், கணித வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவரை வேலை செய்யவைத்த வகுப்புகளில் 21.8 சதவீதம்.

பணம் கொடுத்தால் ஆர்வம் மங்கும் என்று உளவியலாளர் டெசி 1971-இல் காட்டினாரே, உதவித்தொகையும் அப்படித்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர் கொடுத்தது புதிர் ஒன்றுக்கு ஒரு டாலர், அதாவது செய்த வேலைக்கான பரிசு. மாதம் வரும் ஆயிரமோ படிக்க வருவதற்கான செலவைத் தாங்குவது. டெசியின் எச்சரிக்கை பொருந்துவது அகமதிப்பெண்ணைக் காட்டி மிரட்டும் வழக்கத்துக்குத்தான். மிரட்டுவதற்குப் பதில், 25 அகமதிப்பெண்ணில் இரண்டு மூன்றை, முதல் மாதத்திலேயே எல்லோராலும் முடிக்கக்கூடிய ஒரு சிறு வேலைக்கு ஒதுக்கிவிடலாம்.