"சோறு போடவில்லை" என்று அத்தா சொல்வது பொய்யா?

அவிநாசியில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, சகோதரர் ஒருவர் கலங்கிய முகத்துடன் நின்றார். "ஹஜ்ரத், அத்தா சாப்பிட்டுக் கை கழுவிய கால் மணி நேரத்தில், 'எனக்கு யாரும் சோறு போடுவதில்லை' என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்கிறார். எண்பது வயதில் பொய் சொல்லலாமா? வீட்டில் ஒரே அழுகை" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. பசிக்கும் ஞாபகத்துக்கும் மூளைக்குள் நரம்புத் தொடர்பு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பல வீடுகளில் மனக்கசப்பு குறையும், இன்ஷா அல்லாஹ்.

மூளையின் அடியில், பாதாம்பருப்பு அளவில் இருப்பது ஹைப்போதலாமஸ். பசி, தாகம், உடல் சூடு எல்லாம் இதன் பொறுப்பு. 1951-ல் நம் நாட்டு அறிஞர் பால் கிருஷ்ண ஆனந்த், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக்குடன் சேர்ந்து எலிகளை ஆராய்ந்தார். ஹைப்போதலாமஸின் இரு பக்கவாட்டிலும் ஒரு சிறு இடம் சேதமானால், உணவு முன்னால் இருந்தும் எலி உண்ணவில்லை.

நடந்ததை ஞாபகத்தில் பதிப்பது ஹிப்போகாம்பஸ். கடல்குதிரை போன்ற வடிவத்தால் வந்த பெயர் அது.

இந்தப் பகுதிக்கும் ஹைப்போதலாமஸுக்கும் நடுவே வில்லாக வளைந்து செல்லும் நரம்புக் கற்றைக்கு ஃபோர்னிக்ஸ் என்று பெயர். அதன் இழைகள் எங்கிருந்து கிளம்புகின்றன? பின்னிய துணியில் ஒரு நூலுக்கு மட்டும் சாயம் ஏற்றினால் அது போகும் வழி தெரியுமல்லவா? அதே யோசனைதான். கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலத்தை எலி மூளையின் ஓரிடத்தில் செலுத்துவார்கள். அங்குள்ள செல்கள் அதைப் புரதமாக்கி இழை வழியே அனுப்பும். பிறகு மூளையை மெல்லிய சீவல்களாக்கி, போட்டோ ஃபிலிமில் உள்ளது போன்ற பூச்சைப் பூசி இருட்டில் வைத்தால், அது போய்ச் சேர்ந்த இடங்களில் கரும்புள்ளிகள் தெரியும். இப்படித்தான் 1975-ல் லாரி ஸ்வான்சனும் மேக்ஸ்வெல் கோவனும், அந்த இழைகள் முக்கியமாக ஹிப்போகாம்பஸை ஒட்டியுள்ள சுபிகுலத்திலிருந்து கிளம்புவதைக் கண்டார்கள்.

இந்தப் பகுதி கெட்டால் என்ன ஆகும்? வலிப்பு நோய்க்காக 1953-ல் அறுவை செய்யப்பட்டு ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை இழந்தவர் அமெரிக்காவின் ஹென்றி மொலைசன். சாப்பிட்டு முடித்த சற்று நேரத்தில் மறுபடி தட்டு வைத்தபோது அதையும் சாப்பிட்டார். அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

ஆகவே "இப்போதுதானே சாப்பிட்டீர்கள்!" என்று வாதாடாதீர்கள். ஒரு வேளை உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுங்கள். பேச்சை மாற்றுங்கள். மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள். வைட்டமின் பி12 குறைவாலும் தைராய்டு கோளாறாலும் மறதி வரலாம், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

நோன்பாளி மறந்து சாப்பிட்டுவிட்டால் நோன்பு முறியாது என்று மறதிக்குச் சலுகை தந்த மார்க்கம் நம்முடையது. பெற்றவர்களின் மறதிக்கு நாம் தரக்கூடாதா? அந்தச் சகோதரரிடமும் இதைத்தான் சொன்னேன்.