உள்ளங்கை அகலத்தில் ஓர் உயிர்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வாசலில் மோட்டார் சைக்கிள் உறுமும் சத்தம் கேட்டால், இந்நாளில் எத்தனையோ தாய்மாருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. செங்கற்பட்டில் இருக்கும் என் தமக்கையும் அவர்களில் ஒருத்தி. அவளுடைய ஏக புத்திரன் சென்ற தீபாவளிக்குப் பந்தய ரக மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறான். முன்னால் கழுகு மூக்கு, பின்னால் தேள் கொடுக்கு. அதில் ஏறுகிறவன் யாருக்கோ கும்பிடு போடுகிறவனைப் போல் குனிந்துதான் உட்கார வேண்டும். ஞாயிறு தோறும் சிநேகிதர்களுடன் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், கடற்கரைச் சாலையில் ஓர் ஓட்டம் ஓடிவிட்டு, இட்லி ஆறுவதற்குள் வீடு திரும்புவான். அது வரையில் அக்காவுக்கு ஒரு வேலையும் ஓடாது.

"தம்பி, நீயாவது அவனிடம் சொல்லேன். 'மெல்லப் போடா' என்றால், 'மெல்லத்தான் போகிறேன், அம்மா' என்கிறான். எது மெல்ல, எது வேகம் என்று எனக்கு என்ன தெரியும்?" என்றாள் ஒரு நாள்.

யோசித்துப் பார்த்தேன். அவள் கேட்டது நியாயமான கேள்வி. 'மெல்லப் போ' என்பது புத்திமதிதான். ஆனால் எங்கே மெல்ல, எவ்வளவு மெல்ல, ஏன் மெல்ல என்று சொல்லாத புத்திமதி இளவட்டங்களின் காதில் ஏறுவதில்லை. அடுத்த ஞாயிறு மூன்று பேருமாக மாமல்லபுரம் போனோம். அக்காவும் நானும் பஸ்ஸில். மருமகன் தன் வாகனத்தில்.

வெண்ணெய் உருண்டை சொன்ன பாடம்

நான் அவர்களை நேரே அழைத்துப் போனது கடற்கரைக்கு அல்ல; கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டைக்கு. சரிவான பாறை மேல், இதோ உருளப் போகிறேன் என்று பயமுறுத்திக் கொண்டு நிற்கிறதே, அந்தப் பெரிய கல்தான். உயரம் சுமார் 6 மீட்டர். எடை 250 டன் இருக்கும் என்கிறார்கள். யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்று ஒரு கதையும் வழங்குகிறது.

அந்தக் கல்லுக்குச் சற்றுத் தள்ளி, அதே சரிவில், குழந்தைகள் உட்கார்ந்து வழுக்கி விளையாடிக் கொண்டிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் சறுக்கிச் சறுக்கிப் பாறை அங்கே வழவழவென்று ஆகிவிட்டது.

"பார்த்தாயா? ஒரே பாறை, ஒரே சரிவு. கல் நிற்கிறது, குழந்தை வழுக்குகிறது. எல்லாம் ஒன்றை ஒன்று தொடும் இடத்துச் சமாசாரம். அதற்குப் பேர்தான் பிடிமானம். உன் வண்டியின் டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள சம்பந்தமும் அதுவேதான்" என்றேன்.

மருமகன் சிரித்தான். "மாமா, என் டயர் அகல டயராக்கும்!" என்றான்.

அகலமாகத்தான் இருக்கட்டும். மோட்டார் சைக்கிளின் ஒரு சக்கரம் எந்த நேரத்திலும் ரோட்டைத் தொடும் இடம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து இரண்டு உள்ளங்கை, அவ்வளவே. வண்டியின் எடை, ஓட்டுகிறவனின் எடை, பின்னால் உட்கார்ந்திருப்பவரின் எடை, அத்தனை பேருடைய உயிர், எல்லாம் அந்த இரண்டு உள்ளங்கையை நம்பித்தான் போகின்றன.

அந்த இடத்தில் நடப்பது வெறும் உரசல் மட்டும் அல்ல. தார் ரோட்டின் சின்னஞ்சிறு மேடு பள்ளங்களுக்குள் ரப்பர் பிதுங்கி இறங்கிக் கவ்விக் கொள்கிறது. ரப்பர் இளஞ்சூடாக இருந்தால் நன்றாகக் கவ்வும். குளிர்ந்திருந்தால் முரண்டு பிடிக்கும். உலகப் பெரும் பந்தயங்களில் வண்டி கிளம்புமுன் டயருக்குக் கம்பளி போல மின்சார உறை போர்த்தி, சுமார் 80 டிகிரி வரை சூடேற்றுவது இதற்காகவே. விடியற்காலையில் கிளம்பிய முதல் இரண்டு மூன்று கிலோ மீட்டரில் வீராப்புக் காட்டக் கூடாது என்பதும் இதனால்தான். புது டயர் போட்டால், மேற்பரப்பின் பளபளப்புத் தேயும் வரை, முதல் நூறு கிலோ மீட்டருக்காவது அடக்கமாகப் போக வேண்டும்.

ஒரே பர்ஸ், இரண்டு செலவு

குடும்பம் நடத்துகிற சகோதரிகளுக்கு மேற்கொண்டு உள்ள விஷயத்தைச் சொல்வது மிகவும் சுலபம். டயரை ஒரு மாதச் சம்பளக்காரர் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவர் கொண்டு வரும் சம்பளம்தான் பிடிமானம். அதற்கு இரண்டு பெரிய செலவு. ஒன்று, வண்டியை நிறுத்துவது, மற்றொன்று, திருப்புவது. முதல் தேதியில் மளிகைக்கும் வாடகைக்கும் தனித்தனியாக எடுத்து வைத்தால் குடும்பம் ஓடுகிறது. ஒரே நாளில் பட்டுப் புடவையும் வேண்டும், வைரத் தோடும் வேண்டும் என்றால்? கடன் வாங்கலாம். ஆனால் ரோடு கடன் கொடுக்காது. அந்த நிமிஷமே சக்கரம் வழுக்கிவிடும்.

ஆகவே, வளைவு வருமுன்பே, வண்டி நேராக நிமிர்ந்து போகும்போதே, பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துக் கொள்ள வேண்டும். பிறகு பிரேக்கை விட்டுவிட்டு, முழுச் சம்பளத்தையும் திரும்புவதற்குச் செலவிட வேண்டும். வளைவு முடிந்து வண்டி நிமிர நிமிர, மெதுவாக வேகம் கூட்டலாம். மோட்டார் சைக்கிள் சாஸ்திரத்தின் பாலபாடம் இதுதான்.

வளைவில் வண்டி ஏன் சாய வேண்டும்? சாயாவிட்டால் வெளிப்புறமாகக் கவிழ்ந்துவிடும். எவ்வளவு வேகமோ அவ்வளவு சாய்வு. மையத்திலிருந்து 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் திரும்பினால் சுமார் 14 டிகிரி சாய்ந்தால் போதும். அதே வளைவில் 80-ல் வந்தால் 45 டிகிரி சாய வேண்டும். வேகம் இரட்டித்தால் டயரிடம் கேட்கும் பிடிமானம் இரட்டிப்பது இல்லை, நாலு மடங்காகிறது! 45 டிகிரியில், நல்ல டயரும் உலர்ந்த தாரும் இருந்தாலும், பர்ஸ் ஏறக்குறையக் காலி. அந்தச் சமயத்தில் எதிரே ஓர் எருமை வந்து நின்றால் பிரேக்குக்குக் கொடுக்கக் காலணா இருக்காது.

அப்போதுதான் பயந்தவன் தவறு செய்கிறான். சடாரென்று முன் பிரேக்கை அமுக்குகிறான். ஒன்று, முன் சக்கரம் வழுக்கி விழுகிறான். அல்லது சாய்ந்த வண்டி திடீரென்று நிமிர்ந்து, எதிர்ப்புறம் வரும் பஸ்ஸை நோக்கி நேரே போகிறது. இன்னொரு விசித்திரமும் உண்டு. கண் எங்கே போகிறதோ அங்கேதான் வண்டியும் போகும். பஸ்ஸைப் பார்த்தால் பஸ்ஸிடம். வளைவின் முடிவைப் பார்த்தால் வளைவின் முடிவுக்கு.

எந்தப் பிரேக்?

"முன் பிரேக் பிடித்தால் தலைகுப்புறக் கவிழ்ந்து விடுமே? பின் பிரேக்தானே நல்லது?" என்று அக்கா கேட்டாள். அவள் ஸ்கூட்டர் ஓட்டிய காலத்து நம்பிக்கை அது. இன்றைக்கும் பலர் அப்படியே நினைக்கிறார்கள்.

பிரேக் பிடித்தவுடன் பஸ்ஸில் நின்று கொண்டிருப்பவர்கள் எல்லாரும் முன்னால் சாய்கிறார்கள் அல்லவா? வண்டியின் பாரமும் அது போலவே முன் சக்கரத்துக்குப் போகிறது. பாரம் விழும் சக்கரத்துக்குத்தான் பிடிமானம் அதிகம். ஆகையால் வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும் பங்கு முன் பிரேக்குடையதே. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஆனால் முன் பிரேக்கை எலுமிச்சம் பழம் பிழிவது போல, முதலில் இலேசாக, பிறகு அழுத்தமாகப் பிடிக்க வேண்டும். பாம்பைக் கண்டவன் மாதிரி வெடுக்கென்று பிடித்தால்தான் ஆபத்து.

மருமகனுக்கு ஒரு கணக்குச் சொன்னேன். மணிக்கு 50 கிலோ மீட்டரில் போகிறவன் ஆபத்தைக் கண்டு, ஒரு விநாடி யோசித்து, பலமாகப் பிரேக் பிடித்தால், சுமார் 28 மீட்டரில் நிற்பான். 100-ல் போகிறவன்? ஐம்பத்தாறு மீட்டர் என்று சொல்லத் தோன்றும். இல்லை, சுமார் 83 மீட்டர்! அது நல்ல டயர், உலர்ந்த ரோடு, தேர்ந்த கை எல்லாம் இருந்தால்.

"என் வண்டியில் ஏ.பி.எஸ். இருக்கிறது, மாமா" என்றான்.

இருக்க வேண்டியதுதான். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது மோட்டார் சைக்கிள்களுக்கு அது கட்டாயம். சக்கரம் சுழலாமல் இறுகப் போகிறது என்று தெரிந்தவுடன், பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிற யந்திரம் அது. எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது கணக்கப் பிள்ளைதான். சம்பளத்தைக் கூட்டித் தர அதனால் முடியாது. வளைவில் சாய்ந்திருக்கும்போது எல்லா ரகமும் கைகொடுக்கும் என்று நம்புவதற்கும் இல்லை.

பந்தயக்காரர்கள் கண்ட உண்மை

பழைய செங்கற்பட்டு ஜில்லாவுக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் நெடுநாள் உறவு. 1953-ல் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. அந்நாளில் இதே ஜில்லாவில் இருந்த சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுபாதையில், பந்தயங்கள் நடந்தன. பிறகு 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தடம் அமைந்தது. நீளம் 3.7 கிலோ மீட்டர், 12 வளைவுகள். சென்னைப் பெண் அலிஷா அப்துல்லா, பந்தய வீரரான தம் தந்தை ஆர். ஏ. அப்துல்லாவின் வழியில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இறங்கி ஆண்களுக்குச் சமமாக ஓட்டியவர். இது ஆண்பிள்ளைகளின் கலை மட்டும் என்று எண்ண வேண்டாம்.

பந்தயத் தடத்தில் அசகாயசூரர்கள் 60 டிகிரிக்கு மேல் சாய்ந்து, முழங்கால் தரையில் தேயத் திரும்புகிறார்களே என்று கேட்கலாம். அங்கே எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். எதிரே லாரி வராது. குறுக்கே ஆடு வராது. ரோட்டில் மணல் கிடையாது. உடம்பு முழுவதும் தோல் கவசம், ஓரத்தில் ஆம்புலன்ஸ். அப்படியும் 2023 ஆகஸ்டில், அந்தத் தடத்தில் நடந்த தேசியப் பந்தயத்தில், 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிரிழந்தான். அத்தனை பாதுகாப்பு உள்ள இடத்திலேயே இந்தக் கதி என்றால், நம் கடற்கரைச் சாலை எம்மாத்திரம்?

அந்தச் சாலையில் கடற்காற்று மணலைக் கொண்டு வந்து தாரின் மேல் தூவுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. டயருக்கு அது பாறையில் வழுக்கும் குழந்தையின் கதைதான். இருபது வருஷத்துக்கு முன் கோவளத்துக்கு அருகே அப்படி ஒரு பிடி மணலில் நான் விழுந்து எழுந்ததற்கு என் முழங்கையில் இன்னும் அடையாளம் இருக்கிறது. கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழை இன்னொரு சத்துரு. தாரில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து வெண்ணெயாகிவிடும். ஈரத்தில் ரோட்டின் வெள்ளைக் கோடுகளும் வழுக்கும். பர்ஸில் எப்போதும் பாதிப் பணம் மிச்சம் வைத்துக் கொண்டு ஓட்டுகிறவனே கெட்டிக்காரன்.

பின்னால் உட்காருகிறவர்களுக்கு

சகோதரிகளே, பின் ஸீட்டில் உட்காருகிறவரும் வண்டியை ஓட்டுகிறார் என்பதை மறக்க வேண்டாம். வளைவில் வண்டி சாயும்போது பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால், ஓட்டுகிறவர் இன்னும் அதிகமாக வண்டியைச் சாய்க்க வேண்டியிருக்கும். வண்டியோடு வண்டியாகச் சாய்வதே சரி. ஒருக்களித்து உட்காருவதைவிட இரு புறமும் கால் போட்டு உட்காருவது பத்திரம். புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக் கொள்ளுங்கள். துணி சக்கரத்தில் சிக்காமல் மறைப்பு இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. பந்தய ரக வண்டி வாங்கியவுடன் அழகுக்காக அதைக் கழற்றுகிறவர்களை அனுமதிக்காதீர்கள். ஹெல்மெட் பின்னால் இருப்பவருக்கும் சட்டப்படி உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கி, தாடைப் பட்டையைக் கட்டிக் கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடியதும் உண்டு. வாரம் ஒரு முறை, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று அளவு பார்க்கச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். கிழட்டு டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் இறுகிப் போயிருக்கும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிட்டால் வளைவில் வண்டி சொன்னபடி கேட்காது. பள்ளங்களுக்குள் தெரியும் சிறு ரப்பர் மேடு வரை தேய்ந்துவிட்டதென்றால் டயரை மாற்றும் காலம் வந்துவிட்டது.

வெயில் ஏறுவதற்குள் கிளம்பினோம். கூடையில் கொண்டு வந்திருந்த கொழுக்கட்டையில் கடைசி ஒன்றை அக்கா மகனின் உள்ளங்கையில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல், அந்த உள்ளங்கையையே சற்று நேரம் பார்த்தாள்.

"இவ்வளவு இடம்தானாடா?" என்று கேட்டாள்.

பையன் பதில் சொல்லவில்லை. பஸ்ஸின் ஜன்னல் வழியாக நான் கவனித்துக் கொண்டே வந்தேன். திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் ஒரு வளைவு. வளைவு வருமுன்பே அவன் வண்டியின் பின்புறச் சிவப்பு விளக்கு எரிந்தது, பிறகு அணைந்தது. வண்டி நிதானமாகச் சாய்ந்து, திரும்பி, நிமிர்ந்து போயிற்று.

"அக்கா, பார்த்தாயா? அதுதான் 'மெல்ல'" என்றேன்.