மிஸிஸிப்பிக் கரையில் ஒரு ஸரயேவோ

ஐக்கிய அமெரிக்காவின் மத்தியில், மிஸிஸிப்பி மகாநதியின் கரையில், செயின்ட் லூயி என்னும் பழைய நகரம் இருக்கிறது. அதன் தென்பாகத்திலுள்ள பெவோ பேட்டையில் மரத்தாலான சிறு மண்டபம் ஒன்று நிற்கிறது. அது ஒரு நீரூற்று, பெயர் ஸெபில். பாஸ்னியாவின் தலைநகரான ஸரயேவோவின் கடைத்தெருவிலுள்ள புராதன ஊற்றைப் பார்த்து இழைத்தது. செயின்ட் லூயியின் 250-வது பிறந்த நாளை முன்னிட்டு, அங்கே குடியேறிய பாஸ்னியர்கள் 2013-ல் இதைப் பரிசாக அளித்தார்கள். அகதியாக வந்தவன் ஆதரித்த ஊருக்குச் சீர் வைப்பதை நாம் அதிகம் கேள்விப்பட்டதில்லை!

இவர்கள் செல்வம் தேடிச் சென்றவர்கள் அல்லர். 1992 முதல் 1995 வரை நடந்த யுத்தம் இவர்களை வீடு வாசலின்றித் துரத்திற்று. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்ஸா என்ற ஊரில் மாத்திரம் 8,000-க்கு மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொலையுண்டார்கள். அப்பிரதேசத்திலிருந்து தப்பியவர்கள் பலர் செயின்ட் லூயிக்கு வந்து சேர்ந்தனர்.

நகரமோ அப்போது தேய்ந்துகொண்டிருந்தது. 1950-ல் எட்டரை லட்சம் ஜனங்கள் இருந்த இடத்தில் 1990-ல் 4 லட்சங்கூட இல்லை. முற்காலத்தில் ஜெர்மானியர் வாழ்ந்த பெவோவில் வாடகை மலிவு. வந்தவர்கள் பழைய செங்கல் வீடுகளை வாங்கிச் செப்பனிட்டார்கள். ரொட்டிக் கடையும் காப்பிக் கடையும் வைத்தார்கள். சொந்த ஊரில் கௌரவமான உத்தியோகம் பார்த்தவர்கள் பலர், ஆங்கிலம் தெரியாத ஒரே குறையால், தொழிற்சாலைக் கூலிகளானார்கள்.

குழந்தைகள் பாடு வேறு. பள்ளியில் ஆங்கிலம் கற்ற சிறுமி, வைத்தியரிடமும் சர்க்கார் காரியாலயத்திலும் தாய்க்குத் துபாஷி ஆனாள். தாய் பட்ட துயரத்தைத் தன் வாயாலேயே அந்நியருக்கு எடுத்துச் சொல்லும் வேலை பத்து வயதுக்குத் தகுமா? யுத்தம் முடிந்த பிறகும் யுத்தம் வாங்கிய வரி இது என்றே நமக்குத் தோன்றுகிறது.

அக்குழந்தைகள் இன்று தாங்களே பெற்றோர். வசதி பெருகிப் பலர் தெற்கேயுள்ள புறநகர்களுக்குப் போய்விட்டார்கள். பெவோவில் பழைய ஆரவாரம் இல்லை. செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிச் சிறு கிண்ணங்களில் ஊற்றும் காப்பி மட்டும் புது வீடுகளுக்கும் கூடவே போயிருக்கிறது. பாட்டி பாஸ்னிய பாஷையில் கேட்கிறாள். பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிறான். இருவருக்கும் புரிகிறது. ஆனால் ஜூலை 11-ந் தேதி, ஸ்ரெப்ரெனிட்ஸாவில் மாண்டவர்களை நினைக்கும் தினத்தில், பாட்டி சொல்லும் பெயர்களெல்லாம் அவன் நேரில் கண்டிராத உறவினருடையவை.